எர்த் கம்பியைத் திரும்ப மாட்டு

சேகருக்கு,

அது எந்த வருஷம் என்று நம்பர் போட்டுச் சொல்ல எனக்குத் தெரியாது. அடி அண்ணாமலையில் நம் தெருவுக்குக் கரண்டு கம்பம் நட்டு இரண்டாவது வருஷம். ஏரி நிரம்பிக் கரை வழிந்து கோடி போய், மேற்குக் கழனியில் நட்ட நாற்று முழுக்க மூழ்கிப்போன வருஷம். தீபத்தன்று மேகம் இறங்கி மலையையே மூடிவிட, வந்த ஜனம் வெறும் வெள்ளையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத் திரும்பியதும் அதே வருஷம்தான். உன் அக்கா தவழ்ந்துகொண்டிருந்தாள். நீ பிறக்கவில்லை. உன் சித்தப்பா ஏழுமலைக்குத் தை மாசம் கல்யாணம் ஆனது. ஆயுத பூஜை அன்று செத்துப்போனான். அவன் எப்படிச் செத்தான் என்று உனக்கு ஒரு கதை தெரியும். அந்தக் கதை தப்பு. அதைச் சரியாகச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

எனக்குக் கையெழுத்துகூடப் போடத் தெரியாது என்பது உனக்குத் தெரிந்ததுதான். நான் சொல்லச் சொல்ல ஏழுமலையைக் கட்டிக்கொண்டு வந்த உன் சித்தி எழுதுகிறாள். அவள் எட்டாவது வரை படித்தவள். நம் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து கரண்டு பில்லிலிருந்து கல்யாணப் பத்திரிகை வரை படித்துச் சொன்னது அவள்தான். என் பேச்சை அப்படியே எழுதினால் அசிங்கமாக இருக்கும் என்று புத்தகத்தில் இருப்பதுபோல மாற்றி எழுதுகிறாள். எழுதட்டும். எதற்கு மாமா கடிதாசி, போன் போட்டுத் தரட்டுமா என்று கேட்டாள். போனில் சொன்னால் நீ கேட்க மாட்டாய். போன வாரம் பார்த்தேனே.

போன வாரம் ஓசூரிலிருந்து நீ பேசியது எனக்கு வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது. பழைய ஆம்ப்ளிபயர் ஒன்று, இசைத்தட்டு சுற்றுகிற மிஷின் ஒன்று, இரண்டு பெரிய ஸ்பீக்கர். இப்போது இருக்கிற வீட்டு ஹாலில் வைத்திருப்பதாகச் சொன்னாய். "முதல்ல உம்முனு ஒரே எரச்சலுப்பா. பிளக்கக் கழட்டி எர்த் கம்பிய எடுத்து உட்டேன். கப்புனு நின்னுடுச்சி" என்றாய். நான், "திரும்ப மாட்டுடா" என்றேன். "அதெல்லாம் ஒண்ணும் ஆவாதுப்பா, நல்லா பாடுது" என்றாய். "நல்லா பாடுறதுதான்டா வம்பு" என்றேன். "சரிப்பா சரிப்பா, நீ மாத்திரை போட்டியா?" என்று கேட்டாய். போட்டேன் என்றேன். போனை வைத்துவிட்டாய். உன் மகள் அந்தப் பெட்டியில் சத்தம் கூட்டிக் குறைக்கிற திருகாணிகளை எட்டித் திருப்புகிற உயரத்துக்கு வந்துவிட்டாள் என்று அதே பேச்சில்தான் நீ சொன்னாய். பெருமையாகச் சொன்னாய்.

போன பொங்கலுக்கு நீ இங்கே ஸ்பீக்கர் கொண்டுவந்து மாட்டியது நினைவிருக்கும். இரண்டு பக்கமும் சத்தம் வந்தது, ஆனால் மேளச் சத்தத்துக்கு வயிறு இல்லை. தட்டுவது கேட்டது, அதிர்வது கேட்கவில்லை. நீ ஒரு மணி நேரம் திருகாணியைத் திருப்பிக்கொண்டிருந்தாய். "ஒரு ஸ்பீக்கர்ல கருப்பு செவப்ப மாத்திப் போட்டுட்ட. ஒண்ணு முன்னால தள்ளும்போது இன்னொண்ணு பின்னால இழுக்குது" என்று நான் கட்டிலில் படுத்தபடியே சொன்னேன். நீ நம்பவில்லை. பிறகு மாற்றிப் பார்த்தாய், மேளம் வந்தது. "எப்படிப்பா கண்டுபுடிச்ச?" என்றாய். "காது இருக்குதே" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அன்றைக்கே நான் இதையும் சொல்லியிருக்க வேண்டும்: ஸ்பீக்கர் வயர் மாறினால் காது சொல்லிவிடும், ஆளுக்கு ஒன்றும் ஆகாது. சுவரில் சொருகுகிற பிளக் மாறினால் காது சொல்லாது. பாட்டு அதே பாட்டுதான் பாடும். அதைச் சொல்லப் போனால் எப்படித் தெரியும் என்று நீ கேட்பாய். அதனால் சொல்லவில்லை.

இனி அந்த வருஷத்துப் பெட்டி. தேரடி வீதிக்குப் பக்கத்துச் சந்தில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த பாய் ஒருத்தர் எனக்கு அதைச் செய்து கொடுத்தார். இரும்புப் பெட்டி, பச்சைப் பெயின்ட், ஒரு ஸ்பீக்கர். தெருவில் பாட்டுப் பெட்டி வைத்த முதல் வீடு நம் வீடு. கொடுக்கும்போதே பாய் என்னை உட்காரவைத்துச் சொன்னார்: "இதுல டிரான்ஸ்பார்மர் கெடையாது, நல்லா கேட்டுக்குங்க. சொவுத்துல இருந்து வர்ற ரெண்டு கம்பில ஒண்ணு நேரா இந்த இரும்புல வந்து உக்காந்திருக்கும். கரண்டு இல்லாத கம்பி வந்து உக்காந்தா ஒண்ணுமில்ல. கரண்டு கம்பி உக்காந்துதுன்னா பெட்டி பூரா கரண்டு. ரெண்டு வகையிலயும் பாடும். பாட்ட வச்சி ஏமாந்துடாதீங்க." பிளக் இரண்டு கம்பிப் பிளக்; எந்தப் பக்கம் திருப்பினாலும் நுழையும். எழுதிக் கொடுத்தால் நான் படிக்கப் போவதில்லை என்று அவருக்குத் தெரியும். அதனால் பிளக்கின் ஒரு பக்கத்தில் நகப் பாலிஷால் சிவப்பாக ஒரு பொட்டு வைத்தார். வீட்டுக்கு வந்து டெஸ்டரால் சோதித்துப் பார்த்துவிட்டு, "செவப்பு எப்பவும் வலது கை பக்கம். சந்தேகம் வந்தா டெஸ்டர பெட்டி மேல வையுங்க. எரிஞ்சா பிளக்க திருப்பிப் போடுங்க" என்று சொல்லி, டெஸ்டரையும் என்னிடமே கொடுத்துவிட்டுப் போனார். ஒன்றரை வருஷம் அப்படித்தான் பாடியது. ஒரு நாளும் தப்பவில்லை.

ஆயுத பூஜை அன்று காலையில் நான்தான் எல்லாவற்றையும் துடைத்து, சந்தனம் குழைத்துப் பொட்டு வைத்தேன். கலப்பைக்கு, மண்வெட்டிக்கு, அரிவாளுக்கு, கிணற்று மோட்டாருக்கு. பாட்டுப் பெட்டிக்கு நெற்றி மாதிரி பட்டையாகச் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்தேன். ஸ்பீக்கருக்கு வைத்தேன். பிளக்கைப் பார்த்தேன். அதுவும் ஆயுதம்தானே என்று அதற்கும் வைத்தேன். ஒரு பக்கம் மட்டும் வைத்தால் மூளியாக இருக்கும் என்று இரண்டு பக்கமும் சந்தனம் பூசி, இரண்டு பக்கமும் குங்குமம் வைத்தேன். பாய் வைத்த சிவப்பு அடியில் போய்விட்டது. இப்போது இரண்டு பக்கமும் சிவப்பு.

உன் சித்தி அப்போது வீடு முழுக்கத் தண்ணீர் விட்டுக் கழுவி முடித்திருந்தாள். நல்ல நாளில் எல்லார் வீட்டிலும் கழுவுகிற மாதிரிதான். சிமென்ட் தரை, காய நேரம் பிடிக்கும். ஏழுமலை கிணற்றில் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு வந்து நின்றான். "யண்ணே, சாமிக்குப் படச்சிட்டு ஊமையா நின்னா எப்பிடி? பாட்டப் போடு" என்றான். நான் பிளக்கைக் கையில் எடுத்தேன். எந்தப் பக்கம் என்று பார்த்தேன், தெரியவில்லை. துணியால் ஒரு தேய்ப்புத் தேய்த்தால் தெரிந்திருக்கும். பூஜைப் பொட்டை அழிப்பதா என்று இருந்தது. டெஸ்டர் மோட்டார் கொட்டகையில் இருந்தது. இரண்டு கழனி தாண்டிப் போக வேண்டும். "இன்னாண்ணே, பிளக்குக்கு ஜாதகமா பாக்கற?" என்றான். உன் அம்மா சிரித்தாள், உன் பாட்டி சிரித்தாள். நான் சொருகினேன். பாடியது. "பாடுதுல்ல" என்றேன். ஏழுமலை, "கம்மியா கேக்குது" என்று போய்த் திருகாணியைத் தொட்டான். அதன் பிளாஸ்டிக் மூடி உடைந்து விழுந்து பல நாள் ஆகியிருந்தது. வெறும் இரும்புக் குச்சிதான். தொட்ட கை வரவில்லை. அவன் கத்தவும் இல்லை. நான் பிளக்கைப் பிடுங்கினேன். அவன் பெட்டியோடு சேர்ந்து விழுந்தான்.

அதற்குப் பிறகு செய்ததுதான் நான் உனக்குச் சொல்லாதது. எல்லாரும் அவனைச் சுற்றி இருந்தார்கள். ஒருத்தர் மாட்டு வண்டி பூட்ட ஓடினார். நான் சுவர் ஓரமாகத் தனியாக நின்று, கையிலிருந்த பிளக்கைத் துண்டால் துடைத்தேன். பாய் வைத்த பொட்டு தெரிந்தது. நான் இடது பக்கம் போட்டிருந்தேன். அதைத் திருப்பி, சிவப்பு வலது பக்கம் வருகிற மாதிரி சொருகி, சுவிட்சை மட்டும் அணைத்து வைத்தேன். யோசித்துச் செய்தேனா என்றால், யோசித்துத்தான் செய்தேன். கலக்கத்தில் செய்தேன் என்று சொன்னால் நீ நம்புவாய், ஆனால் அது நிஜமில்லை. ஆஸ்பத்திரியில் உயிர் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். மத்தியானம் லைன்மேன் வந்தார். சுவிட்சைப் போட்டு, பெட்டி மேல் டெஸ்டரை வைத்தார். எரியவில்லை. "பெட்டில கரண்டே இல்லியே. எங்கியோ சொவுத்துல கசிவு இருந்திருக்கும். தரை இவ்ளோ ஈரமா வச்சிருந்தா வேற இன்னா ஆவும்?" என்றார். ஈரம் என்ற அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. யார் தரை கழுவியது என்று யாரோ கேட்டார்கள். உன் பாட்டி உன் சித்தியின் தலைமுடியைப் பிடித்து, "தண்ணிய ஊத்தி எம்புள்ளய முழுங்கிட்டியேடி" என்று உலுக்கினாள். நான் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தேன்.

ஆயுத பூஜை அன்று நம் வீட்டில் தரையில் தண்ணீர் படக்கூடாது. முந்தின நாளே துடைத்துவிட வேண்டும். நீ இதைக் குல வழக்கம் என்று நினைத்திருப்பாய். உன் பெண்டாட்டியும் ஓசூரில் அப்படியே செய்கிறாள் என்று கேள்விப்பட்டேன். அது வழக்கமில்லை. நான் சொல்லாததால் வந்தது. இத்தனை வருஷமாக நாம் தண்ணீருக்குப் பயந்தோம், பிளக்குக்குப் பயப்படவில்லை. அதனால்தான் நீ எர்த் கம்பியைக் கழற்றிவிட்டுச் சிரிக்கிறாய். உன் கல்யாணத்தில் உன் சித்தி மணமேடைப் பக்கம் வராமல் சாம்பார் வாளியோடு பந்தியிலேயே நின்றாளே, அது கைம்பெண் என்பதற்காக மட்டும் இல்லை. அவள் கை பட்டது விளங்காது என்று ஆகிவிட்டிருந்தது.

இங்கே அவள் பேனாவை வைத்துவிட்டாள். தெருவில் கிரிவலம் போகிற கூட்டம் ஒன்று போனது. பிறகு எழுந்து அடுப்படிக்குப் போனாள். பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. கழுவியிருந்த பாத்திரத்தையே திரும்பக் கழுவினாள் என்று நினைக்கிறேன். திரும்பி வந்து பலகையில் உட்கார்ந்து, "எர்த்து பத்திச் சொல்லிட்டு இருந்தீங்க, மேல சொல்லுங்க" என்றாள். "நீ திட்டுனா திட்டும்மா" என்றேன். "மொதல்ல புள்ளைக்குச் சொல்லி முடிங்க. அங்க ஒரு கொழந்த இருக்குது" என்றாள். சொல்லி முடிக்கிறேன்.

உன்னுடைய ஆம்ப்ளிபயருக்குள் டிரான்ஸ்பார்மர் இருக்கும். என் பெட்டி மாதிரி இல்லை என்று நீ சொல்வாய். இருக்கட்டும். பழைய பெட்டிக்குள் ஒரு வயரின் மேல்தோல் வெடித்து இரும்பில் பட்டால் அதுவும் என் பெட்டிதான். அப்போது அந்தக் கரண்டை மண்ணுக்கு இழுத்துக்கொண்டு போகத்தான் மூன்றாவது கம்பி. அது இல்லையென்றால் தொடுகிற ஆள்தான் மூன்றாவது கம்பி. பிளக்கின் மேல் கால் தடியாகவும் நீளமாகவும் இருப்பது சொருகும்போது முதலில் தொட்டு, பிடுங்கும்போது கடைசியில் விடுவதற்காக. உம் என்ற இரைச்சலுக்கு வேறு காரணம் உண்டு. இசைத்தட்டு மிஷினின் பின்னாலிருந்து மெல்லியதாக ஒரு தனி வயர் தொங்கும்; எதிலும் சொருகாததால் நீ அதை வேண்டாத வயர் என்று சுருட்டி வைத்திருப்பாய். ஆம்ப்ளிபயரின் பின்பக்கம் அதற்கென்று ஒரு திருகு இருக்கும். அதில் மாட்டு. அப்படியும் நிற்கவில்லை என்றால் இரண்டு மிஷினையும் ஒரே சுவிட்சுப் போர்டில் சொருகிப் பார். ஆளுக்கு ஒரு சுவர் வேண்டாம். இதெல்லாம் பாய் சொன்னது, எனக்குச் சொந்த அறிவு கிடையாது. எர்த்தை நியூட்ரலோடு, அதாவது கரண்டு இல்லாத கம்பியோடு, முடிச்சுப் போட்டால் போதும் என்று யாராவது சொன்னால் அந்த ஆளை வீட்டுக்குள் விடாதே.

லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, சாக்கெட்டில் கரண்டு வலது பக்கம்தான் வருகிறதா, சுவிட்சு அணைத்தால் அந்தக் கம்பிதான் அறுபடுகிறதா என்று பார்க்கச் சொல். நியூட்ரலில் சுவிட்சு வைத்திருந்தால், அணைத்த பிறகும் பெட்டிக்குள் கரண்டு காத்துக்கொண்டிருக்கும். எர்த் கம்பி நிஜமாக மண்ணில் இறங்கியிருக்கிறதா, போர்டிலேயே மொட்டையாக நிற்கிறதா என்று பார்க்கச் சொல். கசிந்தால் தானாக விழுகிற டிரிப் சுவிட்சு இருக்கிறதா என்று பார். இருந்தால் அதிலிருக்கிற சின்னப் பொத்தானை மாசம் ஒரு தடவை அமுக்கு, டப்பென்று விழ வேண்டும். டெஸ்டர் எரியவில்லை என்பதை மட்டும் நம்பி எதையும் தொடாதே. கரண்டு இருக்கிற இடத்தில் முதலில் வைத்து, டெஸ்டர் நல்லதா என்று பார்த்துக்கொள். டெஸ்டர் எரியாததை நம்பி ஒரு பெண்ணைக் குற்றவாளி ஆக்கினதை நான் பார்த்திருக்கிறேன். இவ்வளவும் முடிகிற வரை அந்தப் பெட்டியைப் போடாதே. பிளக்கைப் பிடுங்கி, குழந்தைக்கு எட்டாத இடத்தில் வை. மாட்டிய பிறகு எனக்கில்லை, உன் சித்திக்குப் போன் பண்ணிச் சொல்.

உன் சித்தி கேட்கிறாள்: "ஏன் மாமா, இத எழுத வேற ஆளே கெடைக்கிலியா உங்களுக்கு?" தெருவில் எழுதத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. வேறு யார் எழுதினாலும் இவள் காதுக்கு மூன்றாம் ஆள் வழியாகப் போயிருக்கும். நேரில் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. பல தடவை ஆரம்பித்து, மாட்டுக்குத் தண்ணீர் காட்டினாயா என்று கேட்டு முடித்திருக்கிறேன். உனக்குச் சொல்கிற சாக்கில் அவளுக்குச் சொன்னேன். இது நியாயமா என்று கேட்டால் நியாயமில்லை. அவள் அதையும் எழுதிக்கொண்டாள். பிறகு, "எங்கம்மா சாகற வரைக்கும் கேட்டுச்சி மாமா, ஏன்டி அவ்ளோ தண்ணி ஊத்துனன்னு. நானும் ஒரு பக்கெட் கம்மியா ஊத்தி இருக்கலாமோன்னு நெனச்சிக்கினே இருந்தேன். இத்தினி வருஷம் கணக்கு போட்டேன், எந்தப் பக்கெட்டுன்னு" என்றாள். அழவில்லை. எழுத்தில் கோடு கோணாமல் இருக்கிறதா என்று தாளைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள்.

தை மாசம் உன் புது வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குச் சொந்தக்காரர்கள் வருவார்கள். சாப்பாட்டுக்கு முன்னால் இந்தக் கடிதத்தை எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வாசி. என்னைப் பற்றிச் சொன்ன இடத்தில் எதையும் விடாதே. உன் சித்தி வருவாளா என்று கேட்டேன். "தரைய நான் கழுவலாம்னா வரேன்" என்றாள். வேடிக்கையாகச் சொன்னாளா என்று முகத்தைப் பார்த்தேன். தெரியவில்லை. கழுவட்டும், அன்றைக்கு அந்த வீட்டை அவள்தான் கழுவ வேண்டும் என்று உன் பெண்டாட்டியிடம் நான் சொன்னதாகச் சொல்.

வாசிக்கும்போது உனக்குத் தெரியும், வந்திருக்கிற கூட்டத்தில் பாதிப்பேர் அன்றைக்குப் பிறக்காதவர்கள். இதைக் கேட்டிருக்க வேண்டியவர்கள் வேறே. என் அம்மா, இவள் சமைத்ததைக் கடைசி வரை வாங்கித் தின்றுகொண்டே இவளைத் திட்டியவள், போய்விட்டாள். சிரித்துக்கொண்டு பக்கத்தில் நின்ற உன் அம்மா, என்னோடு அத்தனை வருஷம் இருந்தும் இது தெரியாமலே போய்விட்டாள். லைன்மேன் இல்லை. வண்டி பூட்டியவர் இல்லை. பெட்டி ஏன் அப்படிச் செய்தது என்று என்னிடம் ஒரே ஒரு தடவை கேட்டு, நான் பதில் சொல்லாததைப் பார்த்து அதற்கப்புறம் கேட்காத பாய் இல்லை. மகளை வீட்டுக்குள் சேர்க்காமல் அடுத்த பஸ்ஸிலேயே திருப்பி அனுப்பிய இவள் அப்பா இல்லை, பக்கெட்டைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருந்த இவள் அம்மா இல்லை. என் ஆயுசைக் கணக்கில் சேர்க்காதே. யாரிடம் இதைச் சொல்லியிருக்க வேண்டுமோ அவர்களில் உயிரோடு இருப்பது ஒரே ஒரு ஆள்தான். பேர் எழுதும்மா என்றேன், எதற்கு என்று கேட்டாள், எழுது என்றேன். கன்னியம்மாள்.